வாய்க்கால் கரையால் ஒரு பாதை

கிளிநொச்சியில் சைக்கிளில் போகிறவர்களுக்கென்று ஒரு பாதை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ‘பசுமைப் பாதை’ என்று பேச்சை எடுத்தவுடனே எல்லாருக்கும் ஒரு பூங்காதான் கண்ணுக்குள் வருகிறது: இன்டர்லொக் கல் பதித்த வட்டப் பாதை, ஓரத்தில் இரும்பு உடற்பயிற்சிச் சாமான்கள், வாசலில் பெயர் பொறித்த திறப்புவிழாக் கல். பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பின்னேரத்தில் பிள்ளைகள் விளையாட ஓரிடம் கட்டாயம் வேணும். ஆனால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துசேருகிற பாதையால் யாரும் பள்ளிக்கூடம் போக முடியாது, சந்தைக்குப் போக முடியாது, வயலுக்கும் போக முடியாது. நான் கேட்பது நிழல் இருக்கிற, டிப்பர் வராத, வீட்டுப் படலையில் தொடங்கிப் போகவேண்டிய இடத்தில் கொண்டுபோய் விடுகிற ஒரு பாதை. அதற்கு வேண்டிய நிலம் எங்களிடம் ஏற்கெனவே கிடக்கிறது. வாய்க்கால் கரைகளும் குளக்கட்டுகளும்தான் அது.

காலை ஏழு மணிக்கு, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் கரடிப்போக்குச் சந்திக்கும் டிப்போச் சந்திக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் இரண்டு பேர் மூன்று பேராகக் கதைத்துக்கொண்டு சைக்கிளில் வருவார்கள், சிலரின் கரியரில் தம்பியோ தங்கச்சியோ இருக்கும். அவர்களை உரசிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிற பஸ், அதை முந்தப் பார்க்கிற இன்னொரு பஸ், பின்னால் மணல் ஏற்றிய டிப்பர். வீதியோரக் கோட்டுக்கு வெளியே இருக்கிற ஒரு முழத் தாரில்தான் எங்கள் பிள்ளைகள் ஓடுகிறார்கள். மழை நாளில் அந்த ஒரு முழத்திலும் தண்ணீர் நிற்கும். இந்த வீதியில் நாங்கள் பாடசாலைப் பிள்ளைகளை இழந்திருக்கிறோம். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் கோபம் வரும், கொஞ்ச நாள் கட்டுப்பாடு இருக்கும், அப்புறம் பழையபடி. போர் முடிந்து வீதியை அகலமாக்கிக் காப்பெட் போட்டபோது எல்லாரும் சந்தோசப்பட்டோம், அதில் பிழை இல்லை, முன்னர் அந்தக் குண்டும் குழியுமான றோட்டில் வவுனியா போய் வந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் வேகம் கூடின அளவுக்குச் சைக்கிள்காரருக்கும் நடக்கிறவருக்கும் இடம் கூடவில்லை. ஓரத்து நிழல் மரங்களும் குறைந்துபோய்விட்டன.

வன்னியில் சைக்கிள் என்பது உடற்பயிற்சிச் சாமான் இல்லை என்பதையும் சொல்லவேணும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், எரிபொருள் இல்லாமல் முழு வன்னியும் சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நெல்லு மூட்டை, காய்ச்சல்காரப் பிள்ளை, சில நேரம் கரியரில் பலகை கட்டி நோயாளி என்று எல்லாம் அதில்தான். 2022இல் பெற்றோல் வரிசை வந்தபோது கொழும்புக்காரர் சைக்கிளைப் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. இங்கே மூலையில் சாத்தி வைத்திருந்த லுமாலாச் சைக்கிளைத் துடைத்து, ரியூப் மாற்றி, ஏறிவிட்டார்கள். இன்றைக்கும் ரியூசனுக்குப் போகிற பிள்ளை, கடையில் வேலை செய்கிற பெண், கூலிக்குப் போகிறவர் என்று எத்தனையோ பேருக்கு அதுதான் வாகனம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, வாய்க்காலுக்கு வருவோம். கிளிநொச்சி வாய்க்காலால் உண்டான ஊர். இரணைமடுக் குளத்தை ஆங்கிலேயர் காலத்தில் 1900களின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கினார்கள், கனகராயன் ஆற்றை மறித்து. பிறகு 1930களில் குடியேற்றத் திட்டம் வந்தது, யாழ்ப்பாணத்தில் காணி இல்லாத குடும்பங்களுக்கு வயலும் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். அதனால்தான் இன்றும் உருத்திரபுரத்தில் ஒருவரிடம் எந்த இடம் என்று கேட்டால் ‘எட்டாம் வாய்க்கால்’, ‘பத்தாம் வாய்க்கால்’ என்று சொல்வார். வாய்க்கால் முதலில் வந்தது, வீடு அதன் கரையில் வந்தது, பள்ளிக்கூடமும் கோயிலும் சங்கக் கடையும் அதற்குப் பிறகு. குளத்திலிருந்து இடதுகரை வாய்க்கால் நகரப் பக்கமாகவும் வலதுகரை வாய்க்கால் வட்டக்கச்சிப் பக்கமாகவும் இறங்கி, கிளை வாய்க்கால்களாகப் பிரிந்து போகின்றன. இந்தக் கோடுகளை ஒரு கடதாசியில் கீறிப் பாருங்கள். நாங்கள் போகவேண்டிய இடங்களுக்கெல்லாம் அவை ஏற்கெனவே போயிருக்கும். தண்ணீர் ஓடுவதற்காக வெட்டியவை என்பதால் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. சைக்கிள் ஓடுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேணும்?

அப்படியானால் ஏன் பிள்ளைகள் அந்தக் கரையால் போவதில்லை? போகிறார்கள், சில இடங்களில், பகலில், கூட்டமாக. ஆனால் என் வீட்டிலிருந்து நகரத்துக்கு வாய்க்கால் கரையால் வந்தால் என்னென்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் துண்டு நல்ல கிரவல் றோட்டு. பிறகு மாரி வெள்ளத்தில் அரித்துப்போன இடம், சைக்கிளை விட்டு இறங்கி உருட்டவேணும். அதைத் தாண்டினால் ஒரு மதகு, பக்கச் சுவர் உடைந்து கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அப்புறம் ஆள் உயரத்துக்கு நாணல், அதற்குள் புடையன் கிடக்குமா என்ற பயம். ஒரு இடத்தில் யாரோ தன் வேலியை வாய்க்கால் விளிம்பு மட்டும் கொண்டுவந்துவிட்டார், அங்கே பாதை ஒற்றையடியாகிவிடும். பற்றைக்குள் உடைந்த போத்தல்கள், பின்னேரம் ஆனால் அங்கே குடித்துக்கொண்டு இருக்கிறவர்கள். ஒரு பெண்பிள்ளை மாலை ஆறு மணிக்கு ரியூசன் முடிந்து தனியே அந்தப் பக்கமாக வரமாட்டாள், வரவிடவும் மாட்டோம். ஆகவே அவள் ஏ9க்கு வருகிறாள். இத்தனைக்கும் ஆட்கள் போய்வருகிற கரையில் குடிகாரர் உட்காருவதில்லை. வெளிச்சமும் நடமாட்டமும் வந்தால் அவர்கள் தாங்களாகவே எழும்பிப் போவார்கள்.

நடமாட்டம் என்று சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மீள்குடியேறி வந்த காலத்தில் பாதையை விட்டு ஒரு அடி விலகி வைக்கவும் எங்களுக்குப் பயம். மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள், மஞ்சள் நாடா, ‘மிதிவெடி கவனம்’. மற்றவர் கால் பட்ட தடத்திலேயே கால் வைத்து நடக்கப் பழகினோம். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு மரத்தின் கீழே, புல்லின் மேலே சும்மா நடப்பது என்பது வீட்டில் சொல்லித்தரப்படாத ஒரு பழக்கம். நகரத்தைச் சுற்றி வெடி அகற்றி எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. ஆனாலும் நிலத்தின் மேல் இருந்த அந்த நம்பிக்கை தானாக வராது, நடந்து நடந்துதான் வரும்.

வாய்க்கால் கரையில் இன்னும் நிற்கிற பழைய மருத மரங்களில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பட்டை வெளிறிப்போய், செதில் செதிலாக உரிந்து, உள்ளே மெல்லிய பச்சையும் சாம்பலும் கலந்த வழுவழுப்பு. கீழே கிடக்கிற காயை எடுத்தால் அதில் ஐந்து இறக்கை, காற்றாடி மாதிரி. காய்ந்துபோன காய் தண்ணீரில் மிதக்கும். வாய்க்காலில் விழுந்து, ஓடி, எங்கோ கரை ஒதுங்கி அங்கே முளைக்கும். வேர் தண்ணீருக்குள் நின்றாலும் அழுகாது. சித்திரை மாத நண்பகலில் அதன் கீழே நின்றுவிட்டுத் தார் றோட்டில் ஏறினால் அந்த வித்தியாசம் முகத்தில் அடிக்கும். வெளிநாட்டுப் பூமரமும் தொட்டிப் பனையும் வாங்கி நடுகிற காசுக்கு மருதமும் நாவலும் வேம்பும் புங்கும் எவ்வளவோ நடலாம். இவை இந்த மண்ணிலேயே பிறந்தவை, கோடையைத் தாங்கத் தெரிந்தவை.

ஆனால் மரம் என்றவுடன் எல்லா இடத்திலும் நட்டுவிட முடியாது. இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் வாய்க்காலோரம் வயல் செய்கிற ஒரு ஐயா. “ஐயா, இந்தக் கரை நீளத்துக்கு மரம் வைச்சா என்ன?” என்று கேட்டேன்.

“வைக்கலாம் பிள்ளை, ஆனா குளக்கட்டிலை வைக்காதேங்கோ. வேர் உள்ளை போய், பிறகு மரம் பட்டு வேர் உக்கிச்செண்டா அதுக்குள்ளாலை தண்ணி கசியும். கட்டு உடைஞ்சா ஆர் பதில் சொல்லுறது? வயலுக்குப் பக்கத்திலையும் வேண்டாம். நெல்லுக்கு நிழல் ஆகாது. மரத்திலை குருவி வந்து குந்தும், கதிர் முத்தேக்கை முழுக்கத் திண்டு போடும்.”

“அப்ப எங்கைதான் ஐயா வைக்கிறது?”

“குடிமனைப் பக்கம் வையுங்கோ. வயல்வெளிக்குள்ளை பனை வையுங்கோ, பனைக்கு நிழல் ஒடுக்கம். மற்றது, ஒரு கரையை வெறுங்கரையா விடுங்கோ. பெக்கோ வந்து தூர் எடுக்க இடம் வேணும்.”

அந்த ஐந்து நிமிடக் கதைக்குள் ஒரு முழுத் திட்டம் இருக்கிறது. ஒரு கரை பராமரிப்புக்கு, மற்றக் கரை ஆட்களுக்கு. வீடுகள் உள்ள துண்டில் மருதமும் வேம்பும், வெளிக்குள் பனை. குளக்கட்டில் புல் மட்டும், நடக்கலாம், காற்று வாங்கலாம், மரம் இல்லை. அறுவடை வந்தால் இந்தப் பாதை வேறு மாதிரி இருக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ளவேணும்: வெட்டு மெசின் போகும், உழவு இயந்திரம் பெட்டியோடு வரும், சனம் பாதையில் படங்கு விரித்து நெல் காயப்போடும். அந்த நாட்களில் சைக்கிளை ஓரமாக உருட்டிக்கொண்டு போனால் சரி. இந்தக் கரை கமக்காரனின் வேலைத் தலம், அவனைத் துரத்திவிட்டு நடைபாதை போட்டால் அது எங்கள் பாதையாக இராது. கமக்கார அமைப்புகளோடு முதலில் இருந்து கதைக்காமல் எவர் இதைத் தொடங்கினாலும் நான் எதிர்ப்பேன்.

பாதையின் மேற்பரப்பு எப்படி இருக்கவேணும் என்பதும் வன்னியில் சாதாரணக் கேள்வி இல்லை. எங்கள் ஊர்களில் செயற்கைக் காலோடு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஊன்றுகோலில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சில்லுச் சைக்கிளிலும் சக்கர நாற்காலியிலும் போகிறவர்கள் இருக்கிறார்கள். உருளைக் கல் கிடக்கிற கிரவலில் செயற்கைக் கால் வழுக்கும். மணலில் சக்கர நாற்காலி புதையும். நன்றாகத் தண்ணீர் விட்டு ரோலர் போட்டு இறுக்கிய கிரவல், மழை வடிய ஒரு பக்கச் சரிவு, ஒவ்வொரு மதகிலும் படி இல்லாத ஏற்றம், கொஞ்சத் தூரத்துக்கு ஒரு இடத்தில் முதுகு சாய்த்து உட்கார ஒரு வாங்கு. இவ்வளவும் இருந்தால் அவர்களும் வருவார்கள். கிளினிக்கில் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற எங்கள் அம்மாமாருக்கும் இதுவேதான் வேணும். டொக்டர் ஒவ்வொரு முறையும் “ஒரு அரை மணித்தியாலம் நடவுங்கோ அம்மா” என்று சொல்லி அனுப்புகிறார். எங்கே நடப்பது? வீட்டு முற்றத்திலா, ஏ9 ஓரத்திலா?

வெளியில் இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடி வாசித்ததில் எங்களுக்கு மிகக் கிட்ட வருவது சிங்கப்பூர். 1990களின் தொடக்கத்தில் அவர்கள் பூங்காக்களை ஒன்றோடொன்று இணைக்கிற பாதைகளைப் போடத் தொடங்கினார்கள். நிலம் விலைகூடிய நாடு, புதிதாக எடுக்க இடமில்லை. ஆகவே வடிகால் வாய்க்கால்களின் ஓரத்தில் பராமரிப்புக்கென்று விட்டிருந்த கீற்றுக் காணியைப் பயன்படுத்தினார்கள். இன்றைக்கு அந்த வலை 300 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் பொஸ்ரனில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிரெடரிக் லோ ஓம்ஸ்ரெட் என்ற நிலவடிவமைப்பாளர் செய்ததும் இதற்கு அண்ணன் முறைதான். நாற்றமெடுத்து வெள்ளம் ஏறிய சதுப்பைச் சீர்செய்யப் போய், நகரத்துக்குள் நீண்டு ஓடுகிற ஒரு பசுமைச் சங்கிலியை விட்டுப்போனார். வெள்ளத்துக்கு இடம் விட்டதால்தான் அங்கே நடக்கவும் இடம் கிடைத்தது. 2018 மார்கழியில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறந்தபோது என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிப் போனது. அந்த வழியில் வேலியும் வீடும் கடையும் வந்துகொண்டே இருந்தால் அடுத்த முறை இன்னும் மோசமாக இருக்கும். பாதையாக, புல்லாக, மரமாக வைத்திருந்தால் வெள்ளம் வந்து போனபிறகு சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி நடக்கலாம்.

பழைய ரயில் பாதைகளைப் பசுமைப் பாதை ஆக்கியதைப் பற்றியும் நிறைய எழுதுகிறார்கள். பாரிசில் 1993இல், நியூயோர்க்கில் 2009இல் திறந்தவை எல்லாருக்கும் தெரியும். எங்கள் தண்டவாளமும் 1990க்குப் பிறகு ரயில் இல்லாமல்தான் கிடந்தது. இரும்பும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிக்குப் போய்விட, எஞ்சிய அந்த மேட்டால் சனம் நடந்தது, சைக்கிள் ஓடியது. 2013 செப்ரெம்பரில் ரயில் மறுபடி கிளிநொச்சிக்கு வந்தபோது அந்த நடைவழி போனதற்காக யாரும் கவலைப்படவில்லை, நானும்தான். ரயில் வேணும். ஆனால் வாய்க்கால் கரைப் பாதை போடும்போது அது தண்டவாளத்தைக் குறுக்கறுக்கிற ஒவ்வொரு இடத்திலும் கேற் போட்ட கடவை இருக்கவேணும். காவலாளி இல்லாத கடவைகள் வன்னியில் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கின்றன.

வவுனியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்தவரையில் வடக்கில் இதற்கு மிகவும் தோதான நகரம் அதுதான். வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், கோவில்குளம், தாண்டிக்குளம், நெளுக்குளம் என்று நகரத்துக்குள்ளும் ஓரத்திலும் அத்தனை குளங்கள். ஒரு குளத்தின் மிச்சத் தண்ணீர் அடுத்ததற்குப் போகிற அந்த வழிகளை ஒட்டியே பாதை போட்டால், வேப்பங்குளத்துப் பிள்ளை பிரதான வீதியைத் தொடாமல் நகரத்துக்குள் வரலாம். ஆனால் அங்கே நடந்தது வேறு. வவுனியாக் குளத்துக்குள் மண் போட்டு நிரப்பிப் பொழுதுபோக்கு இடம் ஆக்கியதைப் பார்த்து ஊர் மக்கள் எழும்பி நின்று கேள்வி கேட்கவேண்டி வந்தது. குளத்தின் வயிற்றை நிரப்பி அதன் மேல் நடைபாதை போடுவதைப் பசுமை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். குளம் முதலில் குளமாக இருக்கவேணும், சல்வீனியா என்கிற நீர்க்களையும் சாக்கடையும் இல்லாமல். கொழும்பு தன் சதுப்பு நிலங்களைக் காப்பாற்றியதற்காக 2018இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்றது. கொழும்புக்குப் பக்கத்தில் பெத்தகானவில் சதுப்பை நிரப்பாமல் அதன் மேலே மரப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். கீழே தண்ணீர் கிடக்கிறது, கொக்கு நிற்கிறது. தெற்கில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

மரம் நடுகிற காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இது எனக்கு ஒவ்வொரு வருசமும் வயிறு எரிகிற விசயம். யூன் 5 உலகச் சுற்றாடல் தினம். பனர் கட்டி, படம் எடுத்து, கன்று நடுவார்கள். யூனில் வன்னியில் கச்சான் காற்று மண்ணைக் கிளப்பி அடிக்கிற நேரம், மழை ஐப்பசிக்குத்தான் வரும். நட்ட கன்று ஒரு மாதம் தாங்காது. வட மாகாண சபை இருந்த காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக்கியது மிகச் சரியான முடிவு. கார்த்திகையில் வைத்தால் இரண்டு மாத மழையில் வேர் பிடித்துவிடும். அதற்குப் பிறகும் முதல் கோடைக்கு வாரத்துக்கு இரண்டு தரம் தண்ணீர் வேணும், மாட்டுக்கும் ஆட்டுக்கும் எட்டாமல் ஒரு கூடு வேணும். வாய்க்கால் பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீர் சுமக்கிற பாடு குறைவு, சிறுபோகம் என்கிற கோடைப் பயிருக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிற மாதங்களில் ஒரு வாளி போதும். கரைக்கு எதிரே வீடு உள்ள ஒவ்வொரு குடும்பமும் தன் படலைக்கு நேரே நிற்கிற மரத்தைப் பார்த்துக்கொண்டால் வேறு பராமரிப்புக்காரர் தேவையில்லை. காவோலையும் நான்கு தடியும் இருந்தால் கூடு கட்டிவிடலாம்.

ஒரே நாளில் முழு வலையும் வேண்டாம். கிளிநொச்சிக் குளத்தின் கட்டில் தொடங்கி, ஒரு பாடசாலை வாசல் வரைக்கும் வருகிற ஒரு துண்டு போதும். அந்தத் துண்டில் உடைந்த மதகுகளைத் திருத்துவது, பற்றை வெட்டுவது, இறுக்கின கிரவல், சூரிய சக்தியில் எரிகிற விளக்கு, டிப்பரும் காரும் நுழையாமல் இரண்டு முனையிலும் தூண் (உழவு இயந்திரத்துக்கும் அம்புலன்சுக்கும் கழற்றி விடக்கூடிய தூண்). காணி வாங்கத் தேவையில்லை, அது அரச ஒதுக்குக் காணி. பிரதேச சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், கமக்கார அமைப்பு, பாடசாலை என்று நான்கு தரப்பும் ஒரு மேசையில் இருந்து யார் எதைப் பார்ப்பது என்று எழுத்தில் வைக்கவேணும். இல்லாவிட்டால் ‘அது எங்கட இல்லை’ என்ற ஒரு பதிலிலேயே இரண்டு வருசம் போய்விடும்.

மாரி தொடங்க முதல் இதைக் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுக்கப்போகிறோம். உங்கள் பக்கத்து வாய்க்கால் கரையில் எந்த இடத்தில் பாதை அடைபட்டிருக்கிறது, எந்த மதகு உடைந்திருக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளை அந்தக் கரையால் பள்ளிக்கூடம் போகலாம் ஆனால் போகப் பயப்படுகிறது என்று தெரிந்தால் எழுதி அனுப்புங்கள், இடத்தின் படம் இருந்தால் இன்னும் நல்லது. மருதங்கன்று நாற்று வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள். கார்த்திகைக்கு முழங்கால் உயரக் கன்றுகள் வேணும், அதைவிடச் சின்னதை மாடு விட்டுவைக்காது.